சாணைத் தூள்

சஹனைக் கவிழ்த்துப் பார்த்தபோது அதில் உம்மாவின் பேர் இல்லை.

வேறு யாருடைய சஹனாவது கைமாறி வந்துவிட்டதோ என்றுதான் ஹபீலா முதலில் நினைத்தாள். கைமாற அந்தக் குசினியில் வேறு சஹன் ஏது? நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சோறு அள்ளுகிற அகலத்தில் பித்தளைத் தட்டு. கலியாணத்துக்கு உம்மா கொடுத்தது. அடியில் ‘ஆஸியா உம்மா’ என்று உளியால் புள்ளி புள்ளியாய் வெட்டியிருக்கும். உம்மா மவுத்தான பிறகு, ஏனம் கழுவும்போதெல்லாம் அந்த எழுத்தின்மேல் ஒருமுறை விரலை ஓட்டிவிட்டுத்தான் ஹபீலா தட்டைக் கவிழ்ப்பாள். சொரசொரவென்று விரலில் தட்டுப்படும். நேற்றும் தட்டுப்பட்டது. இன்று தடவினால் ஒன்றுமே இல்லை. வழவழவென்று விரல் ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே பெய்கிற மழையும், ஓட்டிலிருந்து ஒழுகுகிற தண்ணீரும், அவளுடைய மூக்கும் வாயும்கூட அதில் தெரிகின்றன.

யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். நேற்று அவள் பார்த்த வேலை அப்படி.

கட்டுக்கலையில் அந்த வீட்டின் முன்னறைதான் அவள் புருஷன் லாபிரின் பட்டறை. மாணிக்கக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது அவன் தொழில். சாணை என்பது ஒரு செம்புத் தட்டு. எண்ணெயில் குழைத்த வைரத் தூளை அதில் பூசி, ஒரு கையால் வில்லை இழுத்து இழுத்துத் தட்டைச் சுழற்றி, மறு கையால் அரக்குக் குச்சியில் ஒட்டிய கல்லை அதன்மேல் பிடிப்பான். ஸ்ர்ர்ர், ஸ்ர்ர்ர் என்று பகல் முழுக்கக் கேட்கும். அவர்களுடைய ஒரே மகள் றலியா அந்தச் சத்தத்தில் தூங்கி அந்தச் சத்தத்தில் எழும்புகிற குழந்தை. சத்தம் நின்றால்தான் புள்ள அழும் என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள்.

சாணையிலிருந்து தெறிக்கிற தூளைச் சும்மா கூட்டி எறிகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. லாபிரின் வாப்பா காலத்திலிருந்தே ஒரு தூரிகையால் கூட்டி, பட்டறை ஜன்னல் படியிலுள்ள தேங்காய்ச் சிரட்டையில் போட்டு வைப்பார்கள். ஒருநாள் அரித்துக் கழுவினால் உள்ளே கிடக்கிற வைரம் திரும்பக் கைக்கு வரும். கலியாணம் முடித்து வந்த மறுநாளே லாபிர் அவளிடம் சொன்ன முதல் புத்திமதி அதுதான்.

“சிரட்டைய மட்டும் தொடாதீங்க. சாணத் தூளு குசினிக்கு ஆகாது.”

சொன்னதைக் கேட்டு நடக்கிற பிறவியா ஹபீலா? ஊரில் யார் வீட்டுச் சஹனும் தன் வீட்டுச் சஹனைப்போல மின்னக்கூடாது என்பது அவளுக்கு ஒரு பைத்தியம். தொள்ளாயிரத்து முப்பத்தி மூணாம் வருசத்து மழையோ லேசுப்பட்ட மழையில்லை. விறகெல்லாம் ஈரம் குடித்துப் புகைந்துகொண்டே இருந்தது, அடுப்பில் விளக்குவதற்கு நல்ல சாம்பல்கூட விழவில்லை. ஏனம் தேய்க்கிற தேங்காய்நார்த் தும்பைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தவளுக்கு முன்னறை ஜன்னலில் சிரட்டை கண்ணில் பட்டது. ஒரு சிட்டிகைதானே. நனைந்த தும்பைச் சிரட்டையில் ஒரு தரம் ஒற்றியெடுத்து, சஹனை உள்ளும் புறமும் தேய்த்தாள். அப்படியொரு பளபளப்பை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. நன்றாகக் கழுவி, பிஸ்மி சொல்லி, அதிலேயே சோறு போட்டு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் றலியா வழக்கம்போல அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து, “உரசுங்க உம்மா, உரசுங்க” என்று தேய்த்துத் தேய்த்துச் சிரித்தது. அது அவர்கள் இருவருக்கும் மட்டுமான விளையாட்டு.

அந்தச் சிரட்டையில் கிடந்தது பழைய தூள் இல்லை என்பதை அவள் யோசிக்கவில்லை.

போன மாதம் ஹேவாஹெட்டையிலிருந்து செல்லச்சாமி என்று ஒருவன் வந்திருந்தான். மலைக்குள் சுரங்கம் வெட்டலாமா என்று பார்க்க அங்கே பாறையைத் துளைக்கிற எந்திரம் ஒன்றை இறக்கியிருந்தார்கள். அதன் வாயைச் சுற்றிக் கருப்பு வைரத் துண்டுகள் பல் பல்லாய்ப் பதிந்திருக்குமாம். அந்தப் பல்லால்தான் அது பாறையைக் கடித்துக்கொண்டு கீழே போகும், மெழுகுதிரியாட்டம் நீளநீளமாய்க் கல் மேலே வரும். செல்லச்சாமி அந்த எந்திரத்தில் வேலை செய்தவன். தோட்டத்து ஆட்கள் மழைக்குப் போர்த்துகிற கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, முன்னறை வாசலிலேயே நின்றான். திரைக்குப் பின்னால் நின்ற ஹபீலாவுக்கு அவனுடைய கை மட்டும்தான் தெரிந்தது. உள்ளங்கையில் ஏழு கற்கள்.

“வாய்ல பதிச்சிருந்த கல்லுங்க நானா. எந்திரத்த மேல எடுக்கும்போது இப்பிடித்தான் வந்துச்சு.”

லாபிர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். கருப்பு வைரத்துக்கு மூலையும் முனையுமாக இருக்க வேண்டும். இவை அத்தனையும் வாயில் போட்டுச் சப்பித் துப்பின கல்கண்டு மாதிரி உருண்டு மழுங்கியிருந்தன.

“வைரத்த வைரந்தான் அறுக்கும்பாங்க,” என்றான் லாபிர். “இத அறுத்தது என்ன?”

“தொரையும் சொல்லல. நாங்களும் கேக்கல. பொந்த மூடிட்டுப் போயிட்டாங்க.”

இந்தப் பேச்செல்லாம் ஹபீலாவின் காதில் விழுந்ததுதான். ஆனால் அவளுக்கு நினைவில் நின்றது அந்தக் கை. பாறை உடைக்கிறவனுடைய உள்ளங்கையில் ஒரு காய்ப்பு இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. ரேகைகூட இல்லை.

லாபிர் அந்தக் கற்களை விலைக்கு வாங்கி இரும்பு உரலில் போட்டு எண்ணெய் விட்டு இடித்தான். வைரம் பொடிபடுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் என்று எப்போதும் புலம்புகிறவன், அன்று ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்தில் எழும்பிவிட்டான். கற்கள் தாமாகவே பொடியாகக் காத்திருந்த மாதிரி உதிர்ந்தன. அந்தத் தூளைப் பூசிய சாணையில் நீலக்கல் வெண்ணெயாய்ச் சீவுப்பட்டது. அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

இப்போது சஹனில் உம்மாவின் பேரைக் காணோம். ஹபீலா அதை லாபிரிடம் சொல்லவில்லை. ஏச்சு வாங்க யாருக்கு ஆசை? தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவினாள், வெந்நீர் ஊற்றிக் கழுவினாள், அதிலேயே சோறு போட்டாள்.

மறுநாள் காலையில் றலியாவின் தலையணையில் மாவுபோல வெள்ளையாய் ஏதோ கிடந்தது. சுவர்ச் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும் என்று தட்டிவிட்டாள். அடுத்த நாளும் கிடந்தது. அதற்கடுத்த நாள் கட்டிலை இழுத்து அறையின் நடுவில் போட்டாள். அங்கேயும் கிடந்தது.

பக்கத்து வீட்டு ரபீகா ராத்தா, மஹ்ரூப் நானாவின் பெண்சாதி, வேலியோரம் நின்று குழந்தையைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவினாள்.

“என்ன ஹபீலா, ஒன்ட புள்ளட மொகம் இப்பிடி மெருகேறி ஈக்கி? மாஷா அல்லாஹ். எங்கட புள்ளகள்ட மொகத்தப் பாரு, சொறி புடிச்ச மாங்காயாட்டம்.”

ஹபீலாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரவு தலை வாரும்போதுதான் கவனித்தாள். குழந்தையின் கன்னத்தில் சிரித்தால் குழி விழும், அந்தக் குழி இல்லை. நெற்றியில் விழுந்து அடிபட்ட தழும்பு இல்லை. புருவத்தில் பாதி மயிர் இல்லை. கையை விரித்துப் பார்த்தாள். பிஞ்சு உள்ளங்கை, ஒரு கோடு கிடையாது. தன் கையை விளக்கடியில் நீட்டிப் பார்த்தாள். அவளுடைய கட்டைவிரலிலும் ரேகை மங்கியிருந்தது.

பேச்சும் தேய்ந்தது. முதலில் குழந்தைக்குத் தன் பேர் வரவில்லை. “றலியா” என்பது “அலியா” ஆயிற்று. பிறகு சோறு “ஓஉ” ஆயிற்று, வாப்பா “ஆஆ” ஆயிற்று. கொஞ்சலாகப் பேசுகிறது என்று லாபிர் சிரித்தான். ஹபீலா குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். அரிசி அரிசியாய் இருந்த பால்பற்கள் ஈறோடு ஈறாகச் சமமாய்க் கிடந்தன. அந்த வாய்க்குள்ளிருந்து, மூச்சோடு மூச்சாக, ஸ்ர்ர்ர் என்று ஒரு சத்தம்.

முன்னறையை எட்டிப் பார்த்தாள். சாணை ஓடவில்லை, வில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவளால் மறைக்க முடியவில்லை. லாபிரின் முன்னால் சஹனைக் கவிழ்த்து வைத்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் ஏசவே இல்லை. இடுப்புச் சாரத்துக்குள் ஒளித்து வைத்திருந்த தன் கைகளை மெதுவாக வெளியே எடுத்துக் காட்டினான். விரல் நுனியில் நகங்கள் இல்லை. விரல்கள் பத்தும் மெழுகில் வார்த்த மாதிரி ஒரே திருத்தமாய் இருந்தன.

“தொழில்ல தேஞ்சதுன்டு நெனச்சன்,” என்றான்.

மறுநாள் விடியலில் ஹேவாஹெட்டைக்குப் போனான். பின்னேரம் நனைந்துகொண்டு திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தான்.

“செல்லச்சாமியக் கண்டீங்களா?”

“கண்டன். பொண்டாட்டி வடிவம்மாதான் கதவத் தொறந்தா. அவன் கம்பளியப் போத்திக்கிட்டு சொவரப் பாத்துக் குந்தி ஈந்தான். பேரச் செல்லிக் கூப்பிட்டன். திரும்பினான்.”

“மொகம்?”

லாபிர் எழும்பிப் போய் அலுமாரிக் கண்ணாடியின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினான்.

“அந்தப் பொம்புள ஒண்டுதான் கேட்டா,” என்றான் திரும்பாமலே. “தூளு வாய்க்குள்ள போச்சான்டு. கையில பட்டா மெதுவாத்தானாம். வாய்க்குள்ள போனா, அதிலயும் சின்னப் புள்ளயாயிருந்தா...”

ஹபீலா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. அப்போதைக்கு அதற்குச் சிரிக்க வாய் இருந்தது.

செம்புச் சாணையையும் உரலையும் சிரட்டையையும் அவளுடைய சஹனையும் ஒரு சாக்கில் கட்டி, லாபிர் கட்டம்பேக்குக் கொண்டுபோய் மகாவலி ஆற்றில் வீசிவிட்டு வந்தான். உம்மாவின் சஹன் போகிறதே என்று அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. பட்டறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். ஆஸ்பத்திரி டொக்டர் குழந்தையின் கன்னத்தைத் தடவினார், பிறகு தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு ஒரு களிம்பு தந்து அனுப்பினார். பள்ளிவாசல் லெவ்வை வந்து ஓதித் தண்ணீர் தெளித்தார்.

“பத்து ஏழைக்குச் சோறு குடுங்க மகள். தெருவக் கூட்டிக் கந்தூரி குடுங்க. புள்ளைக்காக நாலு பேர் வயிறு குளுந்து துஆக் கேட்டா அல்லாஹ் கைவிட மாட்டான்.”

மூழ்குகிறவளுக்கு ஒரு துரும்பு கிடைத்தது. ஹபீலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினாள். ரபீகா ராத்தா காய்ந்த விறகும் ஒரு வாளி நல்ல சாம்பலும் கொடுத்தாள். ஹபீலா தெருவில் வீடு வீடாய்ப் போய்ச் சஹன்களை இரவல் வாங்கினாள். எல்லாம் களிம்பேறிக் கருத்துக் கிடந்தன. புள்ளையின் பேரில் நாலு பேர் கைவைக்கிற தட்டு, அழுக்காய் இருக்கலாமா? குசினி ஆணியிலிருந்த தும்பை எடுத்து, சாம்பலைத் தொட்டுத் தொட்டு, விரல் கன்றத் தேய்த்தாள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு துஆக் கேட்டாள். சாம்பல்தான், வெறும் சாம்பல்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சஹன்கள் நிலவாய் மின்னின.

லுஹர் தொழுகை முடிந்து தெருவே வந்தது. மௌலூது ஓதினார்கள். ஆண்கள் முன்னறையிலும் பெண்களும் பிள்ளைகளும் உள்ளேயும் சஹனைச் சுற்றிச் சுற்றி உட்கார்ந்தார்கள். நெய்ச்சோற்று வாசம், இறைச்சிக் கறி வாசம், நனைந்த துணி வாசம். பிள்ளைகள் சோறு முடிந்த பிறகும் விரலால் வழித்து நக்கினார்கள்.

“இஞ்ச பாருங்க, சஹன்ல மொகம் தெரியுது,” என்று ரபீகா ராத்தா தன் கடைக்குட்டிக்குக் காட்டினாள். எல்லாரும் குனிந்து குனிந்து தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஹபீலாவும் பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு, திருப்பிக் கொடுக்கச் சஹன்களைப் பிரித்து அடுக்கும்போது, எது யாருடையது என்று பார்க்க ஒன்றைக் கவிழ்த்தாள்.

பேர் இல்லை.

அடுத்ததைக் கவிழ்த்தாள். மஹ்ரூப் நானா வீட்டுச் சஹன், அகலமான எழுத்தில் வெட்டியது, அவளுக்கு நன்றாகத் தெரியும். இல்லை. அடுத்தது. இல்லை. எல்லாமே வழவழ.

மெதுவாகத் திரும்பிக் குசினிச் சுவரைப் பார்த்தாள். ஆணியில் தும்பு தொங்கிக்கொண்டிருந்தது. சாணை போயிற்று, உரல் போயிற்று, சிரட்டை போயிற்று, சஹன் போயிற்று. இந்தத் தும்பை ஒருவரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை. காற்றில் அது லேசாய் ஆடியது. ஆடும்போது ஸ்ர்ர்ர் என்றது. தும்பு உரசிய இடத்தில் இரும்பு ஆணி தையல் ஊசியாய் மெலிந்திருந்தது.

லாபிரிடம் ஓடினாள். “வீடு வீடாப் போய் விசயத்தச் செல்லுவம். இப்பவே செல்லுவம்.”

“என்னத்தச் செல்ற?” என்றான். அவனுக்கு அதற்குள் ‘ச’ வழுக்கத் தொடங்கியிருந்தது. “செல்லி? தின்ட சோத்த வெளியில எடுக்கேலுமா?”

வாசல்வரை போனாள். எதிர்வீட்டில் யாரோ பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டாள்.

மழை விடவில்லை. லாபிர் கதிரையைச் சுவருக்குத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான், அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து திரும்பவில்லை. கூப்பிட்டால் ஸ்ர்ர்ர் என்று மூச்சு மட்டும் வந்தது. ஹபீலா ஜன்னல்களை அடைத்தாள். றலியாவுக்குக் கஞ்சி ஊட்டினாள், ஊட்டுகிற இடம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது. கரண்டி நுழைந்தது. பிறகு கரண்டிக் காம்பு. பிறகு ஈரத் துணியின் முனை.

ஒரு பின்னேரம் கதவு தட்டப்பட்டது.

“அபீஆ... அபீஆ...”

ரபீகா ராத்தாவின் குரல். ஹபீலா கதவைத் திறக்கவில்லை. கதவோடு சாய்ந்து நின்று கேட்டாள். ராத்தா என்னென்னவோ சொன்னாள். ஒரு சொல்லுக்கும் முனை இல்லை. எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு கதவில் கையை வைத்துத் தடவுகிற சத்தம் மட்டும் கேட்டது. தட்டவில்லை. தடவினாள். வெகுநேரம்.

இருட்டிக்கொண்டு வந்தது. மஃரிப் நேரத்தில் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிற தெரு அது. இன்று தாய்மார் யாரும் கூப்பிடவில்லை. பிள்ளைகள்தான் கூப்பிட்டார்கள். வலப்பக்கத்து வீட்டிலிருந்து. எதிர்வீட்டிலிருந்து. பள்ளிவாசல் பக்கத்து வீடுகளிலிருந்து.

உ... ஆ...

உ... ஆ...

ஹபீலா லாந்தரைக் கொளுத்தினாள். திரியைத் தூண்ட விரல் வழுக்கியது. கட்டிலில் குழந்தை எழும்பி உட்கார்ந்திருந்தது.

வெளிச்சம் அதன் முகத்தில் விழுந்தது.

முகம் இல்லை. மூக்கு இருந்த இடத்திலிருந்து காதுவரை ஒரு பட்டை. நெற்றியிலிருந்து ஒன்று. தாடையிலிருந்து ஒன்று. லாபிர் தன் ஆயுளில் இவ்வளவு சுத்தமாய் ஒரு கல்லுக்கும் பட்டை போட்டதில்லை. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு லாந்தர் எரிந்தது. ஒவ்வொரு லாந்தருக்குப் பக்கத்திலும் ஒரு பெண் நின்றாள். அவளுக்கும் மூக்கு இல்லை.

குழந்தை இரண்டு கைகளையும் நீட்டியது.

என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா? வாய் இல்லாவிட்டால் என்ன? கட்டிலில் உட்கார்ந்து தூக்கி மடியில் வைத்தாள். பாரமே இல்லை. சில்லென்று இருந்தது. அது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கன்னத்தைக் கொண்டுவந்து அவள் கன்னத்தில் வைத்தது.

உரசியது.

ஸ்ர்ர்ர்.

ஹபீலா கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தை எடுக்கவில்லை. குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்தாள்.

ஸ்ர்ர்ர். ஸ்ர்ர்ர்.

அவள் மடியில் வெள்ளைத் தூள் விழத் தொடங்கியது.